ஒன்றே முக்கால் சுற்று

திருமூர்த்தியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று அவனுடைய இடது காறை எலும்புக்கு இரண்டு விரற்கடை கீழே ஒரு பித்தளைத் திருகு இருந்தது. சுண்டுவிரல் நகமளவு இருக்கும், தலையில் கோடு வெட்டியிருந்தது. அதைப் பார்த்து அவன் அக்கா சௌந்தரம் வாயில் கை வைக்கவில்லை, சாமியைக் கூப்பிடவில்லை, பட்டறைக்குள் போய் கார்ப்ரேட்டருக்கென்று தனியாக வைத்திருந்த மெல்லிய திருப்புளியை எடுத்துவந்து முந்தானையில் துடைத்துவிட்டு, "மூச்ச இழுத்து உடு சாமி" என்று தம்பியின் மார்பில் காதை வைத்தாள்.

"அது நாங்க வெச்சதில்லீங்க" என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, திருகுக்குப் பின்னால் ஒரு சின்னத் துளை நேரே மூச்சுக்குழலுக்குப் போகிறது, எடுத்தால் மூச்சு நின்றுபோகும், எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று தனக்குத் தெரியாது, ஆனால் கட்டிலுக்கு வேறு ஆள் காத்திருக்கிறார் என்றார். சௌந்தரம் தலையாட்டினாள். அந்தத் துளை எதற்கென்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கோயமுத்தூரின் கிழக்கு ஓரத்தில் ஈச்சங்காட்டு வீதி என்று ஒரு வீதி. அதில் வார்ப்புப் பட்டறைகளும் லேத்துகளும் பம்புசெட்டு மோட்டார் சுற்றுகிறவர்களும் நெருக்கியடித்து இருந்தார்கள், அவர்களுக்கு நடுவே நாற்பத்திரண்டு வயது சௌந்தரத்தின் பட்டறை. பந்தய எஞ்சினுக்குக் காற்றும் பெட்ரோலும் எந்த விகிதத்தில் கலக்க வேண்டும் என்பது மட்டுமே அவள் தொழில். வேறு எதையும் தொடமாட்டாள். பெங்களூரிலிருந்தும் பூனாவிலிருந்தும் ஆட்கள் எஞ்சினை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து அவள் வாசலில் நிற்பார்கள். அவள் ஓடவிட்டுக் கேட்பாள், நிறுத்துவாள், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பாள். முனை சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் காற்று மிகுதி, அதை லீன் என்பார்கள், எஞ்சின் பறக்கும், பறந்துகொண்டே வெந்துபோகும். கருத்துப் புகை படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, அது ரிச், சாகாது, ஆனால் மந்தமாக இருமிக்கொண்டு கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் பிஸ்கட் நிறத்தில் ஒரு இடம் இருக்கிறது, திருப்புளியின் கால் சுற்றுக்குள் ஒளிந்திருக்கும் இடம், அதை அந்த ஜில்லாவில் சௌந்தரத்தைப் போல் வேறு யாரும் தேடிப் பிடித்ததில்லை. சூப்பர்சார்ஜர் வைத்த எஞ்சின் என்றால் இன்னும் பயந்து கைவைக்க வேண்டும் என்பாள். மற்ற எஞ்சின் தானாகப் பால் குடிக்கிற பிள்ளை, இது மூக்கைப் பிடித்துச் சங்கில் புகட்டுகிற பிள்ளை, ப்ளோயர் காற்றை அமுக்கித் திணித்துக்கொண்டே இருக்கும், திணிக்கிற காற்றுக்குத் தக்க பெட்ரோல் போகாவிட்டால் உள்ளே தீ தறிகெட்டு பிஸ்டனையே உருக்கிவிடும்.

அப்படித்தான் உருகியது. புரட்டாசியில் நடந்த பந்தயத்தில், அவள் கலவை வைத்துக் கொடுத்த காரில், வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்த திருமூர்த்தியின் எஞ்சின் கடைசிச் சுற்றில் இறுகிப் பிடித்துக்கொண்டது, சக்கரம் நின்றது, கார் மூன்று முறை உருண்டது. விதி என்று வீதி சொன்னது.

இப்போது அவளுக்கு முன்னால் தம்பி கிடந்தான், திருகு மினுங்கிக்கொண்டு. வெளியே திருகினால் காற்று கூடியது, உள்ளே திருகினால் காற்று குறைந்தது, எந்தக் கார்ப்ரேட்டரிலும் இருக்கிற வழக்கம்தான். பிளக்குக்குப் பதிலாக நாக்கைப் பார்த்தாள். மூன்று சுற்று வெளியே எடுத்தபோது நாக்கு வெளுத்தது, அவன் படபடவென்று பேசினான், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் கணக்கையெல்லாம் பேப்பர் இல்லாமல் போட்டான், நெற்றியில் வைத்த ஈரத்துண்டு ஆவி விட்டது, ஒரே நாளில் கன்னம் ஒட்டிப்போனது. அரைச் சுற்றுக்குக் கொண்டுபோனபோது மூக்கிலிருந்து கரிய புகை வந்தது, கண் மங்கியது, மனைவி அம்சவேணியைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்டான். ஆறாம் நாள் காலை, கண்ணை மூடி, மார்பில் காது வைத்து, மயிரிழை மயிரிழையாகத் திருகிக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் கையை எடுத்தாள். ஒன்றே முக்கால் சுற்று. நாக்கு பிஸ்கட் நிறத்தில் இருந்தது. திருமூர்த்தி எழுந்து உட்கார்ந்து, "அம்சா, நேத்துக் கொழம்புல உப்பே இல்ல" என்றான். அம்சவேணி அடுப்படியில் நின்று வாய்விட்டு அழுதாள்.

வீதி வேறு எதையும் ஏற்றுக்கொள்கிற விதமாகவே இதையும் ஏற்றுக்கொண்டது. லேத்துக்கார வேலுமயில் திருகில் களிம்பு ஏறாமல் இருக்க ஒரு பித்தளை மூடி கடைந்து கொடுத்தார். ரேஷன் கார்டு சரிபார்க்க வந்தவர் இவரை ஆளாக எழுதுவதா வண்டியாக எழுதுவதா என்று கேட்டு, அரிசி வாங்குவதால் ஆள் என்று எழுதிக்கொண்டு போனார். மாரியம்மன் கோயில் பூசாரி, கற்பூரத் தட்டை மட்டும் அவன் மூச்சுப் படாத தூரத்தில் காட்டினால் போதும், மற்றபடி தோஷம் இல்லை என்றார். இளைப்பு நோய்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு நான்கு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். "எங்கய்யனுக்கும் எங்காச்சும் திருகு இருக்குதான்னு பாருங்க" என்று கேட்டவர்களுக்காக சௌந்தரம் பொறுமையாக ஒவ்வொரு நெஞ்சையும் விரலால் தடவிப் பார்த்து, "இல்லீங்க" என்று சொல்லி அனுப்பினாள். இருபத்திரண்டு நாள் இப்படிப் போயிற்று. திருமூர்த்தி சாப்பிட்டான், தூங்கினான், வாசலில் நடந்தான், மில்லிலிருந்து ஷிப்ட் முடிந்து வரும் அம்சவேணிக்காகப் பஸ் நிறுத்தம் வரைக்கும்கூடப் போய் நின்றான்.

இருபத்து மூன்றாம் நாள் காலை சௌந்தரம் வழக்கம்போல் மூடியைக் கழற்றி, திருப்புளியைக் கோட்டில் பொருத்தி, அந்த நாளின் ஈரத்துக்குத் தக்கபடி ஒரு மயிரிழை சரிசெய்துகொண்டிருந்தபோது அவன் கூரையைப் பார்த்தபடி சொன்னான்:

"அக்கா, எல்லாம் ஞாபகம் வந்துருச்சு. ஒவ்வொரு வளைவா வருது. கடைசிக்கு முந்தின சுத்துல, நீ நின்ன எடத்தத் தாண்டுறப்ப, ஒரு சத்தம். உனக்கு—"

அவள் கை தானாகத் திரும்பியது. உள்பக்கமாக, ஒரு சுற்று, இன்னொரு கால் சுற்று. வாக்கியம் பாதியில் நின்றது. அவன் கண்ணிலிருந்து வெளிச்சம், விளக்குத் திரியை இறக்கினாற்போல் இறங்கிப்போயிற்று. மூக்கிலிருந்து முதல் புகை கிளம்பியது.

சத்தம் அவளுக்குக் கேட்டிருந்தது. தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கினது போன்ற சத்தம், கலவை லீன் ஆகி எஞ்சின் தன்னைத்தானே அடித்துக்கொள்கிற சத்தம். சுற்றுக்கு அரை நொடி மிச்சம் வேண்டும் அக்கா என்று அவன் கேட்டதற்காக, பெட்ரோல் போகிற துளையான ஜெட்டை, போட வேண்டியதைவிட ஒரு நம்பர் சின்னதாகப் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். அந்தச் சத்தம் கேட்டபோது அவனை உள்ளே வரச்சொல்லிக் காட்ட வேண்டிய போர்டு அவள் கையில் இருந்தது. அவன் முன்னால் போய்க்கொண்டிருந்தான். இன்னும் ஒரே ஒரு சுற்று. அவள் போர்டைத் தூக்கவில்லை.

சாயங்காலம் மில்லிலிருந்து வந்த அம்சவேணி புருஷனின் முகத்தைப் பார்த்துப் பையைக் கீழே போட்டாள்.

"என்னாச்சுங்க அண்ணி?"

"காத்து மாறிப்போச்சு அம்சா. எடம் தப்பிப்போச்சு."

"மறுபடியும் புடிச்சரலாமுங்களா?"

"பாக்கறேன்" என்றாள் சௌந்தரம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் காலையும் அவள் கதவைச் சாத்திக்கொண்டு, தம்பியின் நெஞ்சருகே உட்கார்ந்து, திருப்புளியைக் கோட்டில் வைத்துத் திருகாமல் எடுத்தாள், கதவைத் திறந்துகொண்டு வந்து, "இன்னும் கெடைக்கல" என்றாள். நாளை வைத்துவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள், அதைப் பொய் என்று சொல்ல முடியாது, நிஜமாகவே நினைத்தாள். ஆனால் ஒன்றே முக்காலில் அவன் அந்தக் கேள்வியை முடிப்பான், முடித்தால் அவள் பதில் சொல்ல வேண்டும், பதில் சொன்ன பிறகு அவன் தன்னை எந்தக் கண்ணால் பார்ப்பான் என்பதை அவளால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. இப்படியே இருந்தால் சாகமாட்டான், ரிச்சில் வைத்த எஞ்சின் எந்த நாளிலும் உருகினதில்லை, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதுவும் பொய் இல்லை.

கார்த்திகை போயிற்று, தை போயிற்று, பங்குனி போயிற்று. திருமூர்த்தி சுவரோரம் சாய்ந்து புகைந்துகொண்டிருந்தான், ஈர விறகு புகைவதுபோல, அணையாமலும் எரியாமலும். அம்சவேணி மில்லுக்குப் போகுமுன் சுவரைத் துடைத்தாள், வந்த பின் துடைத்தாள், மாதம் ஒரு முறை வெள்ளையடித்தாள், தினமும் காலையில் அவன் முன்னால் குத்தவைத்து, "எம் பேரு அம்சவேணி, உங்க சம்சாரம்" என்று சொன்னாள், அவன் தினமும் "சரிங்க" என்றான். வீதி இதையும் பழகிக்கொண்டது. அவன் மூச்சின் கரி மிக மெல்லிசாக, எண்ணெய்ப் பசையோடு, கண்ணுக்கு எரிச்சல் தராமல் இருக்கிறது என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். பிள்ளை பெற்ற வீட்டுப் பெண்கள் வெள்ளித் தட்டைக் கொண்டுவந்து அவன் மூக்கின் கீழ் கால் மணி நேரம் பிடித்து, படிந்த கரியை வழித்து விளக்கெண்ணெயில் குழைத்து மை எடுத்துக்கொண்டு போனார்கள், அந்த வருஷம் அந்தப் பக்கத்தில் பிறந்த எல்லாக் குழந்தைகளின் கன்னத்திலும் இருந்த திருஷ்டிப் பொட்டு திருமூர்த்தியின் மூச்சுதான். மலைக்காற்று நல்லது என்று சிலர் சொன்னதைக் கேட்டு அம்சவேணி அவனை ஊட்டிக்குக் கூட்டிப்போனாள். உயரத்தில் காற்று மெலிந்ததால் புகை இன்னும் கட்டியாகி, குன்னூர் தாண்டுவதற்குள் அவன் நீலம் பாரித்துவிட்டான், பஸ்ஸை நிறுத்தி இறங்கி, எதிரில் வந்த காய்கறி லாரியில் ஏறிக் கீழே வந்தார்கள். அன்று அம்சவேணி வாசலில் நின்று சொன்னாள்:

"பத்து நாள் போதுமுங்க அண்ணி. வெந்து போனாலும் போகட்டும், எம் புருசனாப் பத்து நாள் இருக்கட்டும். தெறந்து உடுங்க."

"நீ பத்து நாள்ங்கற. அப்புறம்?" என்றாள் சௌந்தரம்.

அம்சவேணி துணியை நனைத்துக்கொண்டு சுவரைத் துடைக்கப் போனாள்.

ஆடி வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருஷா வருஷம் வருகிற காற்றுதான், ஆனால் அந்த வருஷம் மலை இன்னும் அகலமாக வாயைத் திறந்துவிட்டதுபோல வந்தது, தகரக் கூரைகளைத் தூக்கியது, தென்னைகளை ஒரே பக்கமாகச் சீவியது, பட்டறைகளில் கரித்தூளைக் கிளப்பிப் பட்டப்பகலை மங்கலாக்கியது. ஜன்னலைச் சாத்தினார்கள், ஓட்டுச் சந்தில் சாக்கை அடைத்தார்கள், காற்று எப்படியோ வந்து அவன் மூச்சைத் தேடிப் பிடித்தது. ஆடி இருபதாம் தேதி காலை திருமூர்த்தி தலையை நிமிர்த்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அம்சா, மில்லுக்குப் போகலியா?" என்றான்.

அவள் கையிலிருந்த துணி விழுந்தது. ஓடிப்போய் அவன் தலையை வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். சௌந்தரம் நெஞ்சில் காதை வைத்தாள். ஒவ்வொரு மூச்சும் வெளியிலிருந்து அமுக்கித் திணிக்கப்பட்டுக்கொண்டிருந்தது, அவன் இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, கணவாயே அவனுக்கு ப்ளோயராகிவிட்டிருந்தது. திருப்புளியை எடுத்து உள்ளே திருகினாள், கடைசி அரைச் சுற்றும் முடிந்து திருகு அடியில் முட்டி நின்றது. அதற்கு மேல் திருக இடம் இல்லை. நாக்கின் ஓரம் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

"சோறு" என்றாள். "காத்துக்குத் தக்க தீனி உள்ள போகோணும். எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

வீதி முழுக்க உலை வைத்தது. அடுப்புகளெல்லாம் காற்றில் சீறின. களி கிண்டிக் கொண்டுவந்தார்கள், நெய்யைச் செம்போடு கொண்டுவந்தார்கள், எள்ளுருண்டை, கருப்பட்டி, கறிச்சோறு, கல்யாண வீட்டில் மிஞ்சின லட்டு. வேலுமயில் தம் வீட்டு வெண்ணெய்ச் சட்டியை அப்படியே இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். திருமூர்த்தி தின்றான், சிரித்தான், எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டான், ஊட்டி பஸ்ஸில் அம்சவேணி அழுததைச் சொல்லி, "எல்லாங் கேட்டுது, வாய்தான் வல்ல" என்றான். அம்சவேணி மூன்று நாள் மில்லுக்குப் போகவில்லை, அவன் வாயில் ஊட்டிக்கொண்டே இருந்தாள், அவன் தின்றுகொண்டே மெலிந்தான். சௌந்தரத்துக்குத் தெரியும், தொண்டை என்பதும் ஒரு ஜெட்தான், அதன் துளைக்கு மேல் ஒரு பருக்கையும் போகாது, காற்றுக்கு அப்படி எல்லை எதுவும் இல்லை.

மூன்றாம் நாள் உச்சி வேளையில் அம்சவேணி ஈரத்துண்டு எடுக்கக் கிணற்றடிக்குப் போயிருந்தாள்.

"அக்கா" என்றான் திருமூர்த்தி.

"சொல்லு சாமி."

"கடைசிக்கு முந்தின சுத்து. கல்லக் குலுக்குனாப்பல ஒரு சத்தம். உனக்குக் கேட்டுச்சா?"

திருப்புளி அவள் கையில் இருந்தது. வெறுமனே இருந்தது.

"கேட்டுச்சு" என்றாள். "போர்டு கைலதான் இருந்துச்சு. தூக்கல."

அவன் மேலிருந்து வெக்கை அலையலையாக வந்தது.

"எனக்கும் கேட்டுச்சுக்கா. கால எடுக்கோணும்னு தெரியும். எடுக்கல. முன்னால ஒருத்தனும் இல்ல, வெறும் ரோடு மட்டும் கெடந்துச்சு, அத உட மனசு வல்ல. அதச் சொல்லத்தான் அன்னைக்கு ஆரம்பிச்சேன். நீ உம்மேல போட்டுக்கிட்டு மருகுவியேன்னு."

அந்த நேரத்தில் அவன் நெஞ்சுக்குள் கூழாங்கல் குலுங்கியது.

எஞ்சின் தெரிந்தவர்களுக்கு அது ஏன் என்று தெரியும். ரிச்சில் நெடுநாள் ஓடிய எஞ்சினுக்குள் கரி படிந்திருக்கும், திடீரென்று காற்று கூடினால் அந்தக் கரி கங்காகும், கங்காகிவிட்டால் தீ யாருடைய நேரத்துக்கும் காத்திராமல் தானே பற்றிக்கொள்ளும். ஒன்பது மாதக் கரி அவனுக்குள் இருந்தது. அது முழுதும் கனன்றது. சட்டையின் பித்தளைப் பொத்தான்கள் சிவந்தன. அம்சவேணி துண்டோடு ஓடிவந்து அவன் மேல் போட்டாள், ஆவி பொங்கி இருவரையும் மறைத்தது, ஆவி விலகியபோது அவள் மடியில் அவன் தலை இருந்தது, திருகு உருகி விலாவோரமாக ஒரு மஞ்சள் கோடாக வழிந்திருந்தது. அவளுடைய இரண்டு முழங்கையும் வெந்துபோயிருந்தன. அவள் கையை எடுக்கவில்லை.

உடம்பு ஆறும்வரை தூக்க முடியவில்லை. வீதி வாசலில் காத்திருந்தது, மறுநாள் மத்தியானம் வரைக்கும். சுடுகாட்டில் வெட்டியான் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "இதுல எரிக்கறதுக்கு ஒண்ணும் மிச்சமில்லீங்களே" என்று சொல்லி, குழி தோண்டினான்.

பதினாறாம் நாள் முடிந்ததும் அம்சவேணி தன் தாய்வீட்டுக்குப் போகத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள், கட்டுப்போட்ட கைகளால், மெதுவாக. சௌந்தரம் நிலைப்படியில் நின்று சொன்னாள். யாரும் கேட்காமல், தானாகவே சொன்னாள்.

"ஒண்ணே முக்கால் சுத்து அம்சா. ஆறாம் நாளே கண்டுபுடிச்சது அப்புறம் தப்பிப்போகவே இல்ல. நாந்தான் மூடுனேன். அவன் கேட்ருவான்னு பயந்துட்டு மூடுனேன்."

மற்றதையும் சொன்னாள், ஜெட்டை, போர்டை, அவன் கடைசியில் சொன்னதை. அம்சவேணி ஒரு புடவையை மடித்து முடித்தாள், இன்னொன்றை எடுத்தாள், அதையும் மடித்தாள். திட்டுவாள் என்று சௌந்தரம் நின்றாள், அடிப்பாள் என்று நின்றாள், அடித்தால் நன்றாக இருக்கும் என்று நின்றாள். அம்சவேணி பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள், சௌந்தரம் பின்னாலேயே போனாள். பஸ் நிறுத்தத்தில் காற்று அடங்கியிருந்தது. பஸ் திரும்பி வருவது தெரிந்ததும் அம்சவேணி கையை ஒரு தடவை நீட்டிப் பார்த்தாள், விரல் விரலாக எதையோ எண்ணினாள்.

"ஒம்பது மாசமுங்க அண்ணி" என்றாள்.

ஏறிக்கொண்டாள். ஜன்னலோரம் இடம் இருந்தும் உள்பக்கமாகப் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை பட்டறை வாசலில் ஒரு வேன் நின்றது. சேலத்துக்காரர் ஒருவர், சூப்பர்சார்ஜர் வைத்த எஞ்சின், ஆறு மாதமாக எந்த ஊரிலும் சரிவரவில்லை என்றார். சௌந்தரம் ஓடவிட்டாள், கேட்டாள், திருப்புளியைப் பொருத்தினாள். இனித் தன் காதில் ஒன்றும் விழாது, தன் கை நடுங்கும், தன் தொழில் தன்னைவிட்டுப் போயிருக்கும் என்று அவள் நம்பியிருந்தாள், அதற்காகவே காத்துக்கொண்டிருந்தாள். முதல் தடவையிலேயே இடம் கிடைத்தது. பிளக் பிஸ்கட் நிறத்தில் வந்தது. சேலத்துக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த வாரம் இரண்டு பேர் வந்தார்கள், அதற்கடுத்த வாரம் நான்கு பேர், ஒரு எஞ்சினும் தப்பவில்லை, பின்னால் வந்த எத்தனையோ வருஷங்களில் ஒன்றே ஒன்றுகூடத் தப்பவில்லை.